மூழ்கிய கப்பலில் முளைத்த பவளம்

1942-ல் பாரிஸ் நகரில் பெட்ரோலுக்குக் கடும் பஞ்சம். பிரான்ஸ் ஜெர்மனியின் பிடியில் இருந்த காலம் அது. எமில் கன்யான் என்ற பொறியாளர், கார்களை எரிவாயுவில் ஓட்ட ஒரு சின்ன வால்வு வடிவமைத்தார். எஞ்சின் எவ்வளவு உறிஞ்சுகிறதோ அவ்வளவு வாயுவை மட்டும் அந்த வால்வு விட்டுக்கொடுக்கும். ஜாக் இவ் குஸ்தோ என்ற கடற்படை அதிகாரிக்கு அதில் வேறொன்று தெரிந்தது. எஞ்சின் உறிஞ்சும் இடத்தில் மனிதன் உறிஞ்சினால் என்ன? 1943-ல் இருவரும் அந்த ஏற்பாட்டைக் காற்று நிரப்பிய சிலிண்டருடன் இணைத்தார்கள். ‘அக்வா லங்’ பிறந்தது. இன்று ஸ்கூபா முக்குளிப்பவர்கள் வாயில் கவ்வியிருக்கும் கருவி அதன் வாரிசுதான்.

அதற்கு அடுத்த ஆண்டு, பூமியின் மறுபக்கத்தில், பசிபிக் கடலின் சூக் தீவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஜப்பானியக் கப்பல்கள் இரண்டே நாளில் மூழ்கின. கால் நூற்றாண்டு கழித்து, 1969-ல், குஸ்தோ தன் குழுவுடன் அங்கே இறங்கிப் படம் பிடித்தார். போர்க்கப்பல்களைத் தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தவை பவளம் போர்த்திய கப்பல்கள். பீரங்கியின் வாயில் மென்பவளம் அசைந்தது. கொடிமரத்தைச் சுற்றி மீன் கூட்டம் வட்டமிட்டது.

மனிதன் அந்த ஆழத்தில் எப்படி மூச்சுவிடுகிறான்? பவளம் இரும்பில் எப்படிக் குடியேறியது? இரண்டும் தனித்தனி அதிசயங்கள். ஒவ்வொன்றாக இறங்கிப் பார்ப்போம்.

பவளம் கட்டிய துறைமுகம்

சூக், மைக்ரோனேஷியக் கூட்டாட்சி நாடுகளில் ஒரு மாநிலம். முன்பு ட்ரக் என்று அழைத்தார்கள். பூமத்திய ரேகைக்கு ஏழு டிகிரி வடக்கே, குவாம் தீவிலிருந்து ஏறக்குறைய 1000 கிலோமீட்டர் தள்ளி, நடுக்கடலில் இருக்கிறது. அதைச் சுற்றிச் சுமார் 225 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பவளத்திட்டு வளையம் போட்டிருக்கிறது. உள்ளே அமைதியான கடற்கழி. அதன் பரப்பு சுமார் 2130 சதுர கிலோமீட்டர். அதாவது ஐந்து சென்னை மாநகராட்சிகள் அதற்குள் அடங்கும். நடுவே வேனோ, டோனோவாஸ் போன்ற பச்சை மலைத்தீவுகள் தலைநீட்டி நிற்கின்றன.

இந்த வளையம் எப்படி வந்தது என்பதைச் சார்லஸ் டார்வின் 1842-ல் எழுதிய நூலில் விளக்கினார். கடலடியிலிருந்து ஓர் எரிமலை எழுகிறது. அதன் கரையோரம் பவளம் படர்கிறது. காலப்போக்கில் எரிமலை தணிந்து, தன் எடையோடு மெல்ல மெல்ல அமிழ்கிறது. பவளமோ வெளிச்சம் இல்லாமல் வாழாது. ஆகவே மலை கீழே போகப் போக அது மேலே வளர்ந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் மலை மறைந்துவிடும். அதன் பழைய கரையின் வடிவம் மட்டும் பவள வளையமாக நிற்கும். சூக்கில் இந்தக் கதை இன்னும் முடியவில்லை. மலைகள் பாதி அமிழ்ந்த நிலையில் இருக்கின்றன.

டார்வின் சொன்னது வெறும் ஊகம் என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. 1952-ல் மார்ஷல் தீவுகளில் உள்ள எனிவெடாக் வளையத்தில் ஆழ்துளை போட்டார்கள். துளைக்கத் துளைக்கப் பவளச் சுண்ணாம்பே வந்தது. ஓரிடத்தில் ஏறக்குறைய 1400 மீட்டர் இறங்கிய பிறகுதான் எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. சில மில்லிமீட்டர் அகலமுள்ள உயிரிகள், கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஒன்றன் எலும்பின் மேல் ஒன்றாக ஏறி எழுப்பிய சுவர் அது.

அந்தச் சுவர்தான் சூக்கைத் துறைமுகமாக்கியது. வெளிக்கடலின் அலை வளையத்தில் மோதி உடைந்துவிடும். உள்ளே நுழைய ஒரு சில வாய்கள் மட்டுமே உண்டு. அவற்றைக் காவல் காத்தால் போதும். ஜப்பானியக் கடற்படை தன் கூட்டுக் கப்பற்படையின் தளமாக இதைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம் தேவையில்லை. உலகின் மாபெரும் போர்க்கப்பல்களான யமாதோவும் முசாஷியும் இங்கே நங்கூரமிட்டிருந்தன.

1944 பிப்ரவரித் தொடக்கத்தில் அமெரிக்க உளவு விமானங்கள் மேலே பறந்ததும் ஜப்பானியர் உஷாரானார்கள். பெரிய போர்க்கப்பல்கள் கிளம்பிவிட்டன. சரக்குக் கப்பல்களும் எண்ணெய்க் கப்பல்களும் பின்தங்கின. பிப்ரவரி 17, 18 ஆகிய இரு நாள்களில், ஒன்பது விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து அமெரிக்க விமானங்கள் அலை அலையாக வந்து தாக்கின. ‘ஆலங்கட்டி நடவடிக்கை’ என்று அதற்குப் பெயர். கப்பல்களோடு இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட ஜப்பானிய விமானங்களும் அழிந்தன. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அன்று கரையில் நின்று அதைக் கண்ட இளைஞர்களில் ஒருவர் கிமியோ ஐசெக். பின்னாளில் சூக்கில் முக்குளிப்பு நிலையம் தொடங்கி, மூழ்கிய கப்பல்கள் கிடக்கும் இடங்களை உலகுக்குக் காட்டியவர் அவரே.

குழாய் ஏன் போதாது?

ஒரு நீண்ட குழாயை வாயில் வைத்து, மறுமுனையை நீர்மட்டத்துக்கு மேலே விட்டால் எவ்வளவு ஆழத்திலும் மூச்சுவிடலாமே என்று தோன்றும். ஒரு மீட்டர் ஆழத்திலேயே இந்த யோசனை தோற்றுவிடும். அங்கே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் நீர் 100 கிராம் அளவுக்குக் கூடுதலாக அழுத்துகிறது. மார்பின் பரப்பு ஆயிரம் சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 100 கிலோ. குழாய் வழியே வரும் காற்றோ மேலே உள்ள சாதாரண அழுத்தத்தில்தான் இருக்கும். 100 கிலோவை மார்பால் தள்ளிக்கொண்டு எத்தனை முறை மூச்சிழுக்க முடியும்?

கீழே போகப் போக நிலைமை வேகமாக மாறுகிறது. நம்மைச் சுற்றியுள்ள காற்று நம்மை அழுத்தும் அளவை ‘ஒரு வளிமண்டலம்’ என்கிறோம். கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் இன்னொரு வளிமண்டலம் சேர்கிறது. பத்து மீட்டரில் இரண்டு. அடுப்பில் விசில் அடிக்கும் குக்கருக்குள் இருப்பதும் அதே அழுத்தம்தான். முப்பது மீட்டரில் நான்கு. நம் உடலில் பெரும்பகுதி நீர் என்பதால் நாம் நசுங்குவதில்லை. காற்று இருக்கும் இடங்களுக்குத்தான் ஆபத்து: காது, மூக்கையொட்டிய எலும்புக் குழிகள், நுரையீரல். அதனால்தான் முக்குளிப்பவர்கள் இறங்கும்போது மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, காதுக்குள் காற்றைச் செலுத்திக்கொண்டே போகிறார்கள்.

நுரையீரலுக்கு வழி ஒன்றே. சுற்றியுள்ள நீர் எவ்வளவு அழுத்துகிறதோ, உள்ளே போகும் காற்றும் அதே அழுத்தத்தில் இருக்க வேண்டும். ஐந்து மீட்டரில் ஓர் அளவு, ஆறு மீட்டரில் இன்னோர் அளவு. இதை யார் அளந்து, யார் திருகித் தருவது? அங்கேதான் ரெகுலேட்டர் என்ற அந்த வால்வின் சாமர்த்தியம் இருக்கிறது.

சிலிண்டரில் காற்று ஏறக்குறைய 200 வளிமண்டல அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. சிலிண்டரின் கழுத்தில் உள்ள முதல் கட்டம், அதைச் சுற்றுப்புற அழுத்தத்தைவிடப் பத்து வளிமண்டலம் அளவுக்கு மட்டும் கூடுதலாக இருக்கும்படி குறைக்கிறது. வாயில் கவ்வும் இரண்டாம் கட்டத்தில் ஒரு ரப்பர்த் திரை இருக்கிறது. அதன் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மூச்சுக்காற்று. மூச்சிழுத்தால் உள்ளே அழுத்தம் சற்றே குறையும், கடல் திரையை உள்ளே தள்ளும், திரை ஒரு நெம்புகோலை அழுத்தும், காற்று பாயும். இரு பக்கமும் சமமானதும் திரை பழைய இடத்துக்கு வரும், வால்வு மூடிக்கொள்ளும். மூச்சுவிட்டால் ஒருவழி மடல் திறந்து குமிழிகள் வெளியேறும். மின்சாரம் இல்லை, கணினி இல்லை. அழுத்தத்தை அளப்பதும் கடல். வால்வைத் திறப்பதும் கடல்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. சாதாரணமாக வாடகைக்குக் கிடைக்கும் அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு 11 லிட்டர். 200 மடங்கு அழுத்தினால் 2200 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 20 லிட்டர் செலவானால் நீர்மட்டத்தில் 110 நிமிடம் வரும். பத்து மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் இரண்டு மடங்கு காற்று அடைந்திருப்பதால் 55 நிமிடம். முப்பது மீட்டரில் 27 நிமிடம்தான். ஆழம் என்பது முக்குளிப்பவரின் கணக்கில் நேரச் செலவு.

2200 லிட்டர் காற்றுக்கு எடையும் உண்டு. இரண்டரைக் கிலோவுக்கு மேல். காற்று தீரத் தீர ஆள் லேசாகி மேலே மிதக்கப் பார்ப்பார். அதையும் கணக்கிட்டுத்தான் இடுப்பில் ஈயக்கட்டிகளைக் கட்டிக்கொள்கிறார்கள். உடம்பில் அணியும் மிதப்பு ஜாக்கெட்டில் காற்றை ஏற்றியும் இறக்கியும், அமிழாமலும் எழாமலும் நடுநீரில் நிற்கும் நிலையைப் பிடிக்கிறார்கள். அதன்பிறகு நுண்ணிய வேலையை நுரையீரல் பார்த்துக்கொள்கிறது. இரண்டு லிட்டர் மூச்சை உள்ளிழுத்தால் இரண்டு கிலோ நீர் விலகும். உடல் மெல்ல எழும். மூச்சை விட்டால் இறங்கும். தேர்ந்த முக்குளிப்பவர் கையையோ காலையோ அசைக்காமல், மூச்சை மட்டும் வைத்து ஒரு பவளக் கிளையைத் தாண்டிப் போவார்.

நிறம் கரையும் கடல்

இறங்கும் வழியில் கண்ணும் காதும் ஏமாறத் தொடங்கும். நீர் ஒளியின் நிறங்களை ஒவ்வொன்றாக விழுங்குகிறது. முதல் பலி சிவப்பு. பத்து மீட்டருக்குள் பெரும்பாலும் போய்விடும். பிறகு ஆரஞ்சு, அதன்பின் மஞ்சள். இருபது மீட்டரில் விரலில் கீறல் பட்டால் இரத்தம் பச்சையாகத் தெரியும். கையிலுள்ள டார்ச்சைத் தட்டினால், சாம்பல் நிறத்தில் கிடந்த பாறை சட்டென்று செந்நிறமாக மாறும். நிறம் அங்கேயே இருந்தது. அதைக் காட்ட ஒளிதான் இல்லை.

முகமூடிக்குள் உள்ள காற்றும் வெளியிலுள்ள நீரும் ஒளியை வளைப்பதால், பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், நான்கில் ஒரு பங்கு அருகிலும் தெரியும். ஒலி நீரில் விநாடிக்கு 1500 மீட்டர் வேகத்தில் பாய்கிறது; காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேல். ஒலி ஒரு காதுக்கு வந்து மறு காதுக்குச் சேரும் இடைவெளியை வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. நீருக்குள் அந்த இடைவெளி மிகவும் சுருங்கிவிடுவதால் படகின் சத்தம் எல்லாத் திசையிலிருந்தும் வருவதுபோல் இருக்கும்.

சூக்கில் இறங்கினால் கீழே முதலில் தெரிவது ஒரு நிழல். அது நீண்டு நீண்டு கப்பலாகிறது. ஃபுஜிகாவா மாரு என்ற அந்தச் சரக்குக் கப்பல் சுமார் 130 மீட்டர் நீளம். நிமிர்ந்த நிலையில், 34 மீட்டர் ஆழமுள்ள தரையில் உட்கார்ந்திருக்கிறது. மேல்கட்டுமானம் பத்து மீட்டர் ஆழத்திலேயே எட்டிவிடும். மேல்தளம் பதினெட்டு மீட்டரில். அணியத்தில் உள்ள பீரங்கி பவளத்தால் இரு மடங்கு பருத்திருக்கிறது. ஆனால் சரக்கறைக்குள் நுழைந்தால் காட்சி தலைகீழ். அங்கே ‘ஜீரோ’ போர் விமானங்களின் உடற்பகுதிகள், விமானிகளின் இருக்கை அமைந்த இடம் உட்பட, அடையாளம் தெரியும்படி கிடக்கின்றன. வெளியே எல்லாம் மூடிக்கிடக்க, உள்ளே மட்டும் ஏன் இப்படி? பவளம் என்ன பிராணி என்று தெரிந்தால் விடை கிடைக்கும்.

வெயிலில் சமைக்கும் விலங்கு

பவளம் பாறையைப்போல் இருக்கிறது, செடியைப்போல் கிளைக்கிறது, ஆனால் அது விலங்கு. பாலிப் என்ற சில மில்லிமீட்டர் அகலமுள்ள உயிரி. ஒரு வாய், அதைச் சுற்றிக் கொட்டும் விரல்கள், ஒரு வயிறு, அவ்வளவே உடம்பு. அடியில் கடல்நீரிலிருந்து கால்சியம் எடுத்துச் சுண்ணாம்புக் கிண்ணம் ஒன்றைக் கட்டிக்கொண்டு அதில் அமர்ந்திருக்கிறது. ஒரு பாலிப் பிரிந்து இரண்டாகும், இரண்டு நான்காகும். நாம் ‘ஒரு பவளம்’ என்று பார்ப்பது ஆயிரக்கணக்கான பாலிப்புகளின் கூட்டுக் குடியிருப்பு.

வெப்பமண்டலக் கடல்நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கக் காரணம் அதில் சத்து மிகக் குறைவு என்பதுதான். அப்படிப்பட்ட நீரில் இவ்வளவு பெரிய கட்டுமானம் எப்படி எழுகிறது? பாலிப்பின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்து லட்சம் அளவுக்கு. அவை வெயிலில் சர்க்கரை தயாரித்து, பெரும்பகுதியை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுகின்றன. பாலிப்பின் ஆற்றல் தேவையில் 90 சதவீதம் வரை இப்படியே வருகிறது. பதிலுக்குப் பாலிப் அவற்றுக்கு இடமும், தன் கழிவிலுள்ள நைட்ரஜன் சத்தும் தருகிறது. அந்த வீட்டில் குப்பை என்று எதுவும் வெளியே போவதில்லை.

ஃபுஜிகாவாவின் புதிருக்கு இதுவே விடை. மேல்தளத்தில் வெயில் படுகிறது, பவளம் கட்டுகிறது. சரக்கறை இருட்டு, கட்டுவதற்கு ஆளில்லை. வண்டல் மட்டும் படிகிறது. ஆழத்துக்கும் இதே விதி. ஷின்கோகு மாரு என்ற எண்ணெய்க் கப்பல், 1941-ல் பேர்ல் ஹார்பரைத் தாக்கப் போன படைக்கு எரிபொருள் சுமந்தது. அதன் மேல்தளம் ஆழம் குறைந்த இடத்தில், நீரோட்டம் பாயும் இடத்தில் இருக்கிறது. அங்கே இரும்பைக் காண்பதே அரிது. அத்தனையும் பவளமும் கடற்பஞ்சும். சான் ஃப்ரான்சிஸ்கோ மாரு என்ற கப்பலின் மேல்தளமோ ஏறக்குறைய 50 மீட்டர் ஆழத்தில். அங்கே பாறை கட்டும் பவளத்துக்கு வெயில் போதாது. அதனால் தளத்தில் ஏற்றிவைத்த சிறு டாங்கிகள், சங்கிலிச் சக்கரம் முதற்கொண்டு இன்றும் தெளிவாகத் தெரிகின்றன.

சரி, நடக்க முடியாத பவளம் கப்பலுக்கு எப்படி வந்தது? ஆண்டில் குறிப்பிட்ட சில இரவுகளில் பவளங்கள் ஒரே நேரத்தில் முட்டையும் விந்தும் வெளியிடுகின்றன. அவை நீரில் கலந்து, பிளானுலா எனப்படும் நீந்தும் இளம் உயிரியாகின்றன. ஒரு மில்லிமீட்டர் அளவுதான். சில நாள்கள், சில சமயம் வாரக்கணக்கில், நீரோட்டத்தில் அலைகின்றன. ஆனால் அலைவது குருட்டாம்போக்கில் அல்ல. பவளத்திட்டில் இறால்கள் சொடுக்கும் ஒலியும் மீன்கள் எழுப்பும் ஒலியும் அவற்றை ஈர்ப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். தரையைத் தொட்டதும் அங்கே உள்ள வேதிப்பொருள்களைச் சோதித்து, உட்காரலாமா கூடாதா என்று முடிவு செய்கின்றன. உட்கார்ந்தால் பிறகு வாழ்நாள் முழுவதும் அங்கேதான்.

புதிதாக மூழ்கிய இரும்புத் தகடு அவற்றுக்கு உடனே பிடிப்பதில்லை. முதலில் நுண்ணுயிர்ப் படலம் படிய வேண்டும். அதன்மேல் பாசி, குழாய்ப் புழுக்கள், சிப்பிகள். பிறகு, சுண்ணாம்பைச் சுரந்து தரையைப் பூசும் இளஞ்சிவப்புப் பாசி ஒன்று வரும். அது விடும் வேதிப்பொருளே பல பவள இனங்களுக்கு ‘இங்கே வரலாம்’ என்ற அழைப்பு.

இதில் அறிவியலுக்கு ஓர் உபரி லாபம் உண்டு. இயற்கையான திட்டில் ஒரு பவளத்தின் வயதைக் கண்டறியத் துளையிட்டு உட்கோடுகளை எண்ண வேண்டும். சூக்கின் கப்பல்களிலோ கடிகாரம் ஓடத் தொடங்கிய நாள் தெரியும். 1944 பிப்ரவரிக்கு முன் அந்தத் தளங்களில் ஒரு பாலிப்கூட இருந்திருக்க முடியாது. உருண்டைப் பவளங்கள் பொதுவாக ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே பருக்கும். மான்கொம்புப் பவளங்கள் பத்து சென்டிமீட்டருக்கு மேலும் நீளும். ஆக, அங்கே இன்று காணும் காடு முழுவதும் ஒரு மனித ஆயுளுக்குள் வளர்ந்தது.

இரும்பும் சுண்ணாம்பும்

கப்பல் பவளத்தைச் சுமக்கிறது. பவளம் கப்பலைக் காக்கிறது. பூச்சு இல்லாத எஃகு கடல்நீரில் ஆண்டுக்குச் சுமார் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தேயும். எண்பது ஆண்டில், ஒரு பக்கத்தில் மட்டும் எட்டு மில்லிமீட்டர். துருவுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். பவளமும் சுண்ணாம்புப் பாசியும் பூசிய மேலுறை அந்த ஆக்ஸிஜனை இரும்பு வரை விடாமல் தடுத்து, தேய்மானத்தைக் குறைக்கிறது. மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த இயன் மக்லாட் போன்றோர் சூக்கின் கப்பல்களில் இறங்கி அரிப்பை அளந்திருக்கிறார்கள். உறை உடைந்த இடத்தில் இரும்பு மறுபடி வேகமாகக் கரைகிறது. வெடிவைத்து மீன் பிடித்ததால் சில கப்பல்களில் அப்படி நேர்ந்தது. அந்த வெடிமருந்தும் பல நேரம் இந்தக் கப்பல்களிலிருந்தே எடுக்கப்பட்டது. முக்குளிப்பவர்கள் விடும் குமிழிகள் அறைக் கூரையில் தேங்கினாலும் அங்கே துரு வேகம் பிடிக்கும்.

அப்படியானால் பழைய கப்பல்களை எல்லாம் கடலில் தள்ளிப் பவளம் வளர்க்கலாமா? அவசரப்பட வேண்டாம். பசிபிக்கின் பால்மைரா வளையத்தில் 1991-ல் ஒரு மீன்பிடிக் கப்பல் தரைதட்டியது. அதைச் சுற்றிப் பவளம் வளரவில்லை. பவளத்தின் உறவான, ஆனால் சுண்ணாம்பு கட்டாத ஓர் உயிரி பரவி, உயிருள்ள திட்டையே போர்வைபோல் மூடிவிட்டது. இரும்பு குறைந்த நடுக்கடல் நீரில் துருவே உரமாகி, தவறான பயிரை வளர்க்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். கடைசியில் அமெரிக்க அரசு பெருஞ்செலவில் அந்தக் கப்பலை அப்புறப்படுத்தியது. சூக்கின் மண் எரிமலை மண்; ஆற்றுநீரோடு இரும்புச் சத்து ஏற்கெனவே கடலுக்கு வருகிறது. பெரும்பாலான கப்பல்கள் உயிருள்ள திட்டின்மேல் விழாமல், கழியின் வெறுந்தரையில் உட்கார்ந்தன. வெளி வளையம் அலையைத் தடுத்துக்கொண்டே இருந்தது. இத்தனையும் கூடி வந்ததால்தான் அங்கே காடு முளைத்தது.

மேலே வரும் கலை

இறங்குவதைவிட ஏறுவதுதான் கடினம். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். தரையில் அது உடம்பைத் தொந்தரவு செய்வதில்லை. ஆழத்தில் அழுத்தம் கூடும்போது அது இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து சேர்கிறது. முப்பது மீட்டருக்குக் கீழே மூளையையும் மயக்கும். மது அருந்தியவர்போல் காரணமில்லாத உற்சாகமோ பயமோ வரும். வேகமாக மேலே வந்தால் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகப் பிரிந்து, மூட்டுகளிலும் நரம்பு மண்டலத்திலும் சிக்கும். இதை அழுத்தநீக்க நோய் என்கிறார்கள். பக்கவாதம்வரை கொண்டுபோகும்.

இதற்குத் தீர்வு கண்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரிட்டிஷ் கடற்படைக்காக அவர் ஆடுகளை அழுத்த அறையில் அடைத்துச் சோதித்தார். அழுத்தம் பாதியாகக் குறையும்வரை உடல் தாங்கிக்கொள்கிறது என்று கண்டார். ஆகவே ஒரே மூச்சில் மேலே வராமல், இடையிடையே நின்று நின்று வந்தால் நைட்ரஜன் நுரையீரல் வழியே அமைதியாக வெளியேறிவிடும். 1908-ல் அவர் குழு வெளியிட்ட அட்டவணைகளின் அடிப்படைதான், இன்று முக்குளிப்பவர் மணிக்கட்டில் கட்டும் சிறு கணினிக்குள் ஓடுகிறது. விரைவாக நிறையும் இரத்தம், மெதுவாக நிறையும் கொழுப்பு என்று உடலைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நைட்ரஜன் சேர்ந்தது என்பதை அது விநாடிக்கு விநாடி கணக்கிடுகிறது.

பொழுதுபோக்கு முக்குளிப்பில் விதி எளிது. நிமிடத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது. ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். எக்காரணத்தாலும் மூச்சை அடக்கக்கூடாது. பத்து மீட்டரில் நிரப்பிய நுரையீரலோடு மூச்சை அடக்கி மேலே வந்தால் உள்ளிருக்கும் காற்று இரு மடங்காக விரிந்து திசுவைக் கிழித்துவிடும். பலமுறை முக்குளித்தவர் கடைசி முக்குளிப்புக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. விமானத்துக்குள் அழுத்தம் தரையைவிடக் குறைவு என்பதே காரணம்.

எஞ்சியிருக்கும் காலம்

சூக்கின் கப்பல்களுக்கும் பவளத்துக்கும் எதிரே இப்போது மூன்று ஆபத்துகள். முதலாவது துரு. உறை எவ்வளவு காத்தாலும் தகடுகள் மெலிந்து, தளங்களும் மேல்கட்டுமானங்களும் சரியத் தொடங்கிவிட்டன. இரண்டாவது, சில கப்பல்களின் தொட்டிகளில் எஞ்சியுள்ள எண்ணெய். தொட்டி உடைந்தால் சுற்றியுள்ள திட்டுகளுக்கும் மீன்வளத்துக்கும் கேடு. மூன்றாவது வெப்பம். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, வாரக்கணக்கில் நீடித்தால் போதும். பாலிப் தன் நுண்பாசிகளை வெளியேற்றிவிடும். பவளம் வெளிறி, பட்டினியில் கிடக்கும். உலகளாவிய நான்காவது பவள வெளிறல் நடப்பதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது.

இரும்பு போனால் ஒரு நினைவுச்சின்னம் போகும், அதற்கு வருந்தலாம். வளையத் திட்டு செத்தால் துறைமுகம், மீன், கரை மூன்றும் போகும். காப்பாற்ற வேண்டிய வரிசையில் பவளமே முதலில் நிற்கிறது.

இவற்றைப் பார்க்க அசாதாரண உடல்வலிமை வேண்டாம். தொடக்கநிலைப் பயிற்சி முடித்தவர்கள் 18 மீட்டர் வரை இறங்கலாம். ஃபுஜிகாவாவின் மேல்கட்டுமானமும் ஷின்கோகுவின் பெரும்பகுதித் தளமும் அந்த ஆழத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் சூக்கோ, அந்தமானோ, லட்சத்தீவோ, எங்கே போனாலும் முதலில் நடுநீரில் நிற்கப் பழகிக்கொண்டு போங்கள். தடுமாறி உதைக்கும் ஒரு துடுப்புக்காலணி இருபது ஆண்டு வளர்ச்சியை ஒரு விநாடியில் ஒடித்துவிடும். சூக்கின் கப்பல்கள் பலருக்குக் கல்லறையும்கூட. அங்கிருந்து ஒரு பாட்டில், ஒரு தோட்டா உட்பட எதையும் எடுப்பதைச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் அந்த விதியையே கடைப்பிடியுங்கள்.